டீச்சரம்மாவிடம் முதலில் கேளுங்கள்

வாசகி கேள்வி:

எங்கள் கிராமம் குடியாத்தத்துக்கும் கே.வி.குப்பத்துக்கும் நடுவில் இருக்கிறது. நான் மகளிர் சுய உதவிக் குழுவில் உறுப்பினர். எங்கள் அங்கன்வாடி டீச்சர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இங்கேயே வேலை பார்க்கிறார். என் மூத்த மகள் அவரிடம்தான் முதல் பாட்டைக் கற்றாள், இப்போது இளையவன் போகிறான். வரும் காணும் பொங்கல் விளையாட்டு விழாவில் அவரைக் கௌரவிக்கலாம் என்று முடிவு செய்து பதினைந்தாயிரம் ரூபாய் சேர்த்துவிட்டோம். அதன் பிறகுதான் தகராறு ஆரம்பித்தது. இளைஞர்கள் பேனர், பொன்னாடை, கேடயம் என்கிறார்கள். வேறு சிலர், "சத்துமாவு கொடுத்துப் பிள்ளைகளைத் தூங்க வைப்பதற்கு ஒரு விழாவா? அரசாங்கம்தான் சம்பளம் கொடுக்கிறதே" என்கிறார்கள். உதவியாளர் அம்மாவை மேடை ஏற்றலாமா என்பதிலும் கருத்து வேறுபாடு. எங்கள் ஊர்ப் பெண்கள் இருவர் பக்கத்து ஊர் தனியார் நர்சரிப் பள்ளியில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறார்கள். அவர்களையும் சேர்த்துக்கொள்ளலாமா? எது முறையாக இருக்கும் என்று சொல்லுங்கள்.

முன்பருவக் கல்விப் பயிற்றுநரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பணம் சேர்த்த பிறகு தகராறு வந்தது நல்லதுதான். சேர்வதற்கு முன்பே வந்திருந்தால் பணமே சேர்ந்திருக்காது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றிய முதல் சந்தேகம் இது: இத்தனை பேர் இத்தனை யோசனை சொல்லியிருக்கிறீர்கள், டீச்சரம்மாவிடம் யாராவது கேட்டீர்களா? கடிதத்தில் அவர் சொன்னதாக ஒரு வரி கூட இல்லை. வீட்டில் பெண் பார்க்கும்போதே பெண்ணைக் கேட்டுவிட்டுத்தான் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லி அனுப்புகிறோம். இருபது ஆண்டுகள் ஊர்ப் பிள்ளைகளை வளர்த்தவரிடம் கேட்பதற்கு என்ன தயக்கம்? நீங்களும் குழுவில் இன்னொருவரும் ஒரு மாலையில் அவர் வேலை முடித்துக் கதவைப் பூட்டும் நேரத்தில் போய், "எங்களிடம் இவ்வளவு இருக்கிறது, உங்களுக்கு எது உதவியாக இருக்கும்?" என்று கேளுங்கள். முதலில் "எனக்கு எதுவும் வேண்டாம்மா" என்பார். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள், அடுப்பைப் பற்றியோ, குழாயைப் பற்றியோ, மதில் இல்லாததால் உள்ளே வரும் நாய்களைப் பற்றியோ பேச்சு தானாக வரும். உங்களுக்கு வேண்டிய பதில் அதில் இருக்கும்.

இனி, "சத்துமாவு கொடுப்பதற்கு ஒரு விழாவா" என்று கேட்டவர்களைப் பற்றி. அவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் கண்ணில் பட்டது அவ்வளவுதான். தமிழ்நாட்டில் இந்த மையங்கள் சோற்றோடும் மாவோடும் சேர்ந்தேதான் மக்கள் மனத்தில் பதிந்தன. அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. 1980இல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது பள்ளிப் பிள்ளைகளோடு இரண்டு வயது முதலான சின்னப் பிள்ளைகளுக்கும் சோறு போட்டார்கள். பசி பெரிதாக இருந்த காலம் அது. வடாற்காட்டின் வறண்ட ஊர்களில் வேலை பார்த்த மூத்த பணியாளர்களைக் கேட்டால், தட்டோடு வந்து வரிசையில் உட்கார்ந்த பிள்ளைகளைப் பற்றித்தான் முதலில் சொல்வார்கள். ஆனால் தொடக்கத்திலிருந்தே அந்த 1975 திட்டத்தின் ஆறு பணிகளில், பள்ளிக்கு முந்தைய முன்பருவக் கல்வியும் ஒன்று. அதை யாரும் பார்ப்பதில்லை. ஏனென்றால் அது பாடம் மாதிரித் தெரிவதில்லை, விளையாட்டு மாதிரித் தெரிகிறது.

அந்த விளையாட்டை ஒருநாள் பக்கத்திலிருந்து பாருங்கள். பாயில் ஐந்தாறு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு தட்டில் புளியங்கொட்டை, அவரை விதை, சின்னக் கூழாங்கல் எல்லாம் கலந்து கிடக்கின்றன. (ஆமணக்கு விதை மட்டும் இருக்காது. அது நஞ்சு, நல்ல டீச்சர் அதை மையத்துக்குள்ளேயே விடமாட்டார்.) பிள்ளைகள் அவற்றை வெவ்வேறு கிண்ணத்தில் பிரித்துப் போட வேண்டும். மூன்று வயதுப் பிள்ளை நிறத்தைப் பார்த்துப் பிரிக்கும், நான்கு வயதுப் பிள்ளை வழவழப்பா சொரசொரப்பா என்று தடவிப் பார்த்துப் பிரிக்கும். "யார் கிண்ணத்தில் அதிகம்?" என்று டீச்சர் கேட்டதும் ஒன்றுக்கு ஒன்று ஜோடி வைத்துப் பார்க்கிறார்களே, அதுதான் கணக்கின் முதல் படி. விதையை இரண்டு விரலால் கிள்ளி எடுக்கிறார்களே, நாளைக்குப் பென்சில் பிடிக்கப்போகும் விரல்கள் அப்படித்தான் தயாராகின்றன. வாய்க்குள் போடாமல் பார்த்துக்கொள்வது டீச்சரின் கண். இத்தனையும் ஒரே நேரத்தில் நடக்கிறது, வாசலில் நிற்கும் நமக்கோ "சும்மா கல்லை வைத்து விளையாட விட்டிருக்கிறார்" என்று தோன்றுகிறது.

உங்கள் பக்கத்துக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். குடியாத்தம், பேரணாம்பட்டு வட்டாரங்களில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளையும், உருது பேசும் பிள்ளையும், தமிழ் பேசும் பிள்ளையும் ஒரே பாயில் உட்காருவது சாதாரணம். புதிதாகச் சேர்ந்த பிள்ளை தெலுங்கில் "நீள்ளு" என்று கேட்டால், அனுபவமுள்ள டீச்சர் "தமிழில் கேள்" என்று அதட்டுவதில்லை. டம்ளரை நீட்டிக்கொண்டே "தண்ணீர் வேண்டுமா? இந்தா, தண்ணீர்" என்கிறார். அவ்வளவுதான். பிள்ளைக்குத் தாகமும் தீர்ந்தது, ஒரு சொல்லும் கிடைத்தது, தன் வீட்டுப் பேச்சு தப்பானது என்ற எண்ணமும் வரவில்லை. பயிற்சி வகுப்புகளில் இதை நாங்கள் பெரிய பெயர் வைத்துச் சொல்லித் தருவோம். உங்கள் டீச்சர் போன்றவர்கள் பல வருடங்களாகப் பெயர் தெரியாமலேயே செய்துகொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்று, இது உயிரோடு சம்பந்தப்பட்டது. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, இரண்டரை வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளை, மூன்று மாதமாக எடை ஏறாத பிள்ளை: இவர்களை முதலில் கவனிப்பது பெரும்பாலும் அங்கன்வாடி டீச்சர்தான். பெற்றோர் "அவன் அப்பா கூட லேட்டாகத்தான் பேசினார்" என்று தள்ளிப்போடுவார்கள். டீச்சருக்கு அந்த வயதுப் பிள்ளைகள் வருடத்துக்கு வருடம் கண்முன் வருகிறார்கள், வித்தியாசம் தெரிந்துவிடும். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டும். அன்றைக்கு உங்கள் பிள்ளையை விடுப்பு எடுக்கவைத்துக் கல்யாணத்துக்கு அழைத்துப் போகாதீர்கள். கே.வி.குப்பம் வட்டாரத்தில் 1977 முதல் வேலூர் சி.எம்.சி.யின் கிராம நல்வாழ்வு மையம் வேறு இயங்குகிறது. மேல் சிகிச்சைக்கு அலையவேண்டிய தூரம் மற்ற மாவட்டத்தாரை விட உங்களுக்குக் குறைவு. டீச்சர் ஒரு சந்தேகத்தைச் சொன்னால் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாமல் காட்டிவிட்டு வாருங்கள்.

ஆறு வயதுக்குள் மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கு மேல் முடிந்துவிடுகிறது என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையே சொல்கிறது. அந்தக் கொள்கையின் மற்ற பகுதிகளைப் பற்றி ஆயிரம் சண்டை இருக்கலாம், இந்த ஒரு வரியில் யாருக்கும் சண்டை இல்லை. அந்த வயதுப் பிள்ளைகளோடு நாள் முழுக்க இருப்பவரைக் கௌரவிக்க ஒரு விழா தேவையா என்று இனி உங்கள் ஊரில் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

"அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறதே" என்பதற்கும் பதில் உண்டு. மத்திய அரசு தன் பங்காகக் கொடுப்பதன் பெயரே சம்பளம் அல்ல, மதிப்பூதியம். 2018 அக்டோபரில்தான் பணியாளருக்கான அந்தத் தொகை மாதம் 3,000 ரூபாயிலிருந்து 4,500 ஆகவும், உதவியாளருக்கு 1,500இலிருந்து 2,250 ஆகவும் உயர்ந்தது. தமிழ்நாட்டில் மாநில அரசு தன் பங்கைச் சேர்த்துச் சிறப்புக் காலமுறை ஊதியமாகக் கொடுப்பதால் வேறு பல மாநிலங்களை விட நிலைமை தேவலை. ஆனாலும் பள்ளி ஆசிரியருக்குக் கிடைப்பதன் பக்கத்தில் அதை வைத்துப் பேச முடியாது. பணிக்கொடை (கிராஜுவிட்டி) சட்டம் இவர்களுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் சொல்வதற்கே 2022 ஏப்ரல் வரை ஆகியிருக்கிறது. குஜராத்தைச் சேர்ந்த பணியாளர்கள் நடத்திய வழக்கு அது. உதவியாளர்களுக்கும் சேர்த்தே தீர்ப்பு வந்தது. உங்கள் டீச்சருக்கும் உதவியாளருக்கும் இது தெரியுமா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டு வையுங்கள்.

வேலையோ கூடிக்கொண்டே போகிறது. பிள்ளைகளின் வருகை, எடை, உயரம், கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் கொடுத்த சத்துமாவு எல்லாம் போஷன் டிராக்கர் செயலியில் ஏற்றப்பட வேண்டும். மாவு வாங்க வருபவரின் முகத்தைக் கைப்பேசியில் பதிய வேண்டும். பக்கத்தில் மலை இருந்தால் சிக்னல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். போதாததற்கு, பல ஊர்களில் வாக்காளர் பட்டியல் வேலையும் அங்கன்வாடிப் பணியாளர் தலையில்தான். செப்டம்பர் 5 அன்று பள்ளிகளில் ஆசிரியர் தின விழா நடக்கும்போது, இவர்கள் அதே செப்டம்பரில் வரும் தேசிய ஊட்டச்சத்து மாதத்துக்குப் புகைப்படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே விழா வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் காணும் பொங்கல் மேடை வேண்டாம். உங்கள் ஊர் விழாவை நான் பார்த்ததில்லை, இந்தப் பக்கத்து விழாக்களைப் பார்த்திருக்கிறேன். கோலப்போட்டி, இசை நாற்காலி, உறியடி எல்லாம் முடிந்து, ஒலிபெருக்கி கரகரக்க, கட்சிக்கு ஒருவர் பேசி முடித்த பிறகு, இரவு ஒன்பதரைக்கு மேல் "அங்கன்வாடி டீச்சர் அவர்கள் மேடைக்கு வரவும்" என்று கூப்பிடுவார்கள். பொன்னாடையைப் போர்த்துபவர் கேமராவைப் பார்த்துக்கொண்டிருப்பார். டீச்சர் வெளியூர்க்காரராக இருந்தால் கடைசி பஸ்ஸும் போயிருக்கும். பேனரில் டீச்சர் படத்தை விடப் பெரிதாக வேறு யார் யார் படமோ இருக்கும். அந்தப் பணத்தில் மையத்துக்கு என்னென்னவோ வாங்கலாம்.

அதற்குப் பதிலாக மையத்திலேயே ஒரு பிற்பகலில் வையுங்கள். பெற்றோர் எல்லோரும் வர வேண்டும், அப்பாக்கள் முக்கியமாக. பீடி சுற்றும் அம்மாக்களும் தீப்பெட்டி வேலைக்குப் போகும் அம்மாக்களும் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை வைக்கலாமா என்று டீச்சரிடமே கேளுங்கள், அவருக்கும் அது விடுமுறை நாள் அல்லவா. பேச்சாளர் யாரும் வேண்டாம். அவரிடம் படித்து இன்றைக்குக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் ஊரில் இருப்பார்களே, அவர்களில் இரண்டு மூன்று பேர் வந்து, அவர் சொல்லிக்கொடுத்த பாட்டில் நினைவிருக்கும் ஒன்றைப் பாடட்டும். பாதியில் மறந்துபோனால் மீதியை டீச்சர் எடுத்துக் கொடுப்பார். சின்னப் பிள்ளைகளை வைத்து நடனம் மட்டும் ஏற்பாடு செய்யாதீர்கள். அதற்கு ஒத்திகை பார்ப்பது யார் என்று யோசியுங்கள், மறுபடியும் அவரேதான்! பிள்ளைகளின் படங்களைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் கைப்பேசிக் குழுக்களில் பரப்பவும் வேண்டாம்.

உதவியாளர் அம்மாவைப் பற்றிய கேள்வியில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. அவர் இல்லாமல் விழா இல்லை. காலையில் மையத்தைத் திறந்து பெருக்கி, தண்ணீர் பிடித்து, வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை அழைத்து வந்து, சமைத்து, ஊட்டி, கால் கழுவிவிட்டு, வாரத்தில் மூன்று நாள் முட்டை அவித்துத் தோல் உரித்துக் கொடுப்பவர் அவர். டீச்சர் கூட்டத்துக்கோ வாக்காளர் பட்டியல் வேலைக்கோ போகும் நாள்களில் பாட்டும் கதையும் சொல்பவரும் அவரே. ஒருவருக்குப் பட்டுச் சேலை, இன்னொருவருக்கு நூல் சேலை என்று வாங்கிவிடாதீர்கள். ஒரே மாதிரி வாங்குங்கள். மேடை ஏற்றலாமா என்று சிலர் தயங்குவதற்குப் பின்னால் சாதி இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். இருந்தால் அதற்கு இடம் கொடுக்காதீர்கள், மேடையே இல்லாமல் எல்லோரும் பாயில் உட்காருங்கள்.

பணத்தைக் கையில் கொடுக்க வேண்டாம். சேலைகளுக்குப் போக மீதியில், அவர் சொன்ன பொருளை மையத்துக்கு வாங்குங்கள். எதை வாங்கினாலும் மையத்தின் இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, வட்டார மேற்பார்வையாளருக்கு ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். நாளைக்கு ஆய்வுக்கு வருபவர் "இது எப்படி வந்தது?" என்று டீச்சரைக் கேட்கக் கூடாது பாருங்கள். பெரிய பிளாஸ்டிக் பொம்மைகளை வாங்கிவிடாதீர்கள். அவை அலமாரி மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும், உடைந்தால் பதில் சொல்ல வேண்டுமே என்று எடுக்கவே மாட்டார்கள். நல்ல பாய், நிறக்கட்டிகள், படக்கதைப் புத்தகங்கள், பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கரும்பலகைப் பட்டை, மூடியும் குழாயும் உள்ள தண்ணீர் டிரம் போன்றவை தேயத் தேயப் பயன்படும்.

கட்டடம், மதில், கழிப்பறை, மின்சாரம் போன்றவற்றுக்கு உங்கள் பதினைந்தாயிரம் போதாது, அது உங்கள் பொறுப்பும் அல்ல. காணும் பொங்கல் முடிந்து பத்து நாளுக்குள் ஜனவரி 26 வரும், அன்று கிராம சபை கூடும். மகளிர் குழுவாகச் சேர்ந்து போங்கள். "அங்கன்வாடிக்கு ஏதாவது செய்ய வேண்டும்" என்று பொதுவாகப் பேசினால் பொதுவாகவே தலையாட்டிவிடுவார்கள். எந்தச் சுவர், எத்தனை அடி, கழிப்பறையில் எது உடைந்திருக்கிறது என்று தாளில் எழுதிக் கொடுத்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏறுவதைப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள். இதை டீச்சர் தானே கேட்டால் மேலதிகாரி முகம் சுளிக்கக்கூடும், பெற்றோர் கேட்டால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. விழாவை விட இது அவருக்குப் பெரிய உபகாரம்.

இதையும் விடப் பெரியது ஒன்று இருக்கிறது, அதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வரலாம். மூன்று வயது ஆனதும் பிள்ளையை வேனில் ஏற்றி ஆங்கில நர்சரிக்கு அனுப்பிவிட்டு, சத்துமாவுக்கு மட்டும் அங்கன்வாடிக்கு வரும் வீடுகள் எல்லா ஊரிலும் உண்டு. "அங்கே எழுதச் சொல்லித் தரமாட்டேன் என்கிறார்கள்" என்பதுதான் காரணம். மூன்று வயது விரலுக்கு எழுத்து வராது, வரவழைக்கவும் கூடாது. அதைத் தெரிந்து எழுதச் சொல்லாமல் இருப்பவரைப் பாடம் தெரியாதவர் என்று நினைக்கிறோம். காலையில் பிள்ளையைத் தினமும் நேரத்தோடு அனுப்புவதும், திரும்பி வந்ததும் "இன்றைக்கு என்ன எழுதினாய்?" என்பதை விட்டு "என்ன பாட்டுப் பாடினீர்கள்?" என்று கேட்பதும் எந்தக் கேடயத்தையும் விட அவரைச் சந்தோஷப்படுத்தும். பெற்றோர் கூடும் அந்தப் பிற்பகலில், கொட்டை பிரிக்கும் விளையாட்டுக்கு என்ன அர்த்தம் என்று டீச்சரே பத்து நிமிடம் செய்து காட்டட்டும். அவர் பேச வெட்கப்படலாம், பாயில் உட்கார வைத்து விதைத் தட்டைக் கொடுத்துவிட்டால் வெட்கம் போய்விடும்.

கடைசியாக நர்சரிப் பள்ளியில் வேலை பார்க்கும் உங்கள் ஊர்ப் பெண்கள் இருவர். தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். நர்சரிப் படிப்பைப் பற்றி மேலே நான் சொன்னது அவர்கள் மீதான குறை அல்ல. எழுதவை, மனப்பாடம் செய்யவை என்று நிர்வாகமும் பெற்றோரும் நெருக்கும்போது இருபது வயதுப் பெண் என்ன செய்வாள்? அங்கன்வாடிப் பணியாளருக்காவது சங்கம் இருக்கிறது, போராட்டம் என்றால் செய்தி வருகிறது. இவர்களுக்கு அதுவும் இல்லை. பணி நியமன ஆணை கையில் இருக்கிறதா, சம்பளம் வங்கி வழியாக வருகிறதா என்று அவர்களிடம் கேளுங்கள், இரண்டும் இல்லையென்றால் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் தனியார் பள்ளியில் ஐந்து ஆண்டு தொடர்ந்து பணி செய்த ஆசிரியருக்குப் பணிக்கொடை உண்டு. 2009இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் முதல் பொருந்தும் என்றார்கள், 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஐந்து ஆண்டு கழித்துக் கேட்கும்போது கையில் காகிதம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் நியமன ஆணையை வற்புறுத்துகிறேன். அவர்களுக்கு முடிந்தால் ஒரு சனிக்கிழமை டீச்சரம்மாவோடு உட்கார்ந்து பாட்டும் கதையும் எழுதிக்கொள்ளட்டும். பயிற்சிக்கென்று யாரும் அவர்களை எங்கும் அனுப்புவதில்லை.

தேதியை முடிவு செய்யும் முன், உதவியாளர் அம்மாவுக்கு எந்த நாள் தோதுப்படும் என்றும் கேட்டுவிடுங்கள். டீச்சரைக் கேட்பார்கள், அவரைக் கேட்க மறந்துவிடுவார்கள்.